சசிரேகா அதைச் சொல்லவில்லை

“வாங்க அண்ணி. பயணமெல்லாம் சௌகரியமா இருந்துதுங்களா?”

கேட்டதுமே பூங்கொடிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அண்ணியாம்! வாங்களாம்! தாராபுரத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே டிபன் பாக்ஸைப் பிடுங்கித் தின்ற சசிரேகாவா இப்படிக் கேட்பது? இவளுடைய அண்ணன் தனபாலைக் கட்டிக்கொண்டு பூங்கொடி வீட்டுக்குள் காலடி எடுத்து வைத்த அன்றைக்கு, ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்றுகொண்டு, “ஏண்டி, உனக்கு ஊர்ல வேற மாப்பிள்ளையே கெடைக்கலையா?” என்று கேட்டவள் இவள். “உன்ற அண்ணனுக்கு வேற பொண்ணு கெடைக்காதுன்னு உங்கம்மா வந்து அழுதாங்கடி” என்று அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்தாள் பூங்கொடி. கூடியிருந்த சனம் சிரித்துத் தீர்த்தது. அன்றைக்குத் தொடங்கியது, இருவருக்கும் தலை நரைத்த பிறகும் ஓயவில்லை. பொங்கலுக்கு வந்தால் சண்டை, வராவிட்டால் போனில் சண்டை. ஒரு நாள் கூட சசிரேகா வாயிலிருந்து அண்ணி என்ற சொல் வந்ததில்லை. வந்திருந்தால் பூங்கொடி டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பாள்.

டாக்டரிடம் போகவேண்டியும் வந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சசிரேகாவுக்கு வாதம் அடித்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, நாக்கும் கூடவே விழுந்துவிட்டது. நல்லவேளையாக அதற்கெல்லாம் இப்போது குரல்பட்டை வந்திருக்கிறது. கழுத்தில் கட்டிக்கொள்வது. பேச நினைக்கும்போது தொண்டைத் தசை துடிக்கிறதல்லவா, அந்தத் துடிப்பைப் பிடித்து, என்ன சொல்ல வந்தார்களோ அதை வாய்விட்டுச் சொல்லிவிடும். அதுவும் அவர்களுடைய சொந்தக் குரலிலேயே. பழைய போன் பேச்சுகளிலிருந்து குரலை எடுத்துக்கொண்டார்கள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் முதன்முதலாகப் பட்டையைக் கட்டியதும் சசிரேகா பேசிய முதல் பேச்சு, “இது இட்லியா, செங்கல்லாடி?” என்பதுதான். பூங்கொடியும் தனபாலும் அழுதுகொண்டே சிரித்தார்கள்.

அப்புறம் ‘இளந்தென்றல்’ இல்லத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்கள். மகன் தருண் இருப்பது ஆக்லாந்தில். தனபாலுக்கே இருதயம் சரியில்லை, இன்னொரு படுக்கையை வீட்டில் வைத்துப் பார்க்கப் பூங்கொடிக்குத் தெம்பும் இல்லை. வெள்ளைச் சுவர், ஏசி, வேளாவேளைக்கு மருந்து. குறை சொல்ல ஒன்றும் இல்லை. இங்கே வந்த பிறகுதான் சசிரேகா மாறிப்போனாள். வாங்க போங்க, சந்தோஷமுங்க, நன்றிங்க. “தங்கச்சி பக்குவமாயிட்டா” என்று தனபால் பூரித்துப் போனார். பூங்கொடிக்குப் பொக்கென்று இருந்தது. சொன்னால் அவளைத்தான் பைத்தியம் என்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள்.

ஆவணியில் தனபால் போய்ச் சேர்ந்தார். இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் செத்தால், நாத்தனார் ஓடிவந்து கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு பாட்டம் கத்தித் தீர்த்தால்தான் பொண்டாட்டிக்கு நெஞ்சில் அடைத்தது இறங்கும். ஒப்புக்கு எத்தனை பேர் வந்து அழுதாலும் அதற்கு ஈடாகாது. சசிரேகாவை அனுப்பும் நிலைமை இல்லை என்று இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். சேதியைக் கூடச் சொல்லவில்லை, வீட்டு ஆள் நேரில் வந்து சொல்வதுதான் முறை என்றார்கள். சரி, காரியம் முடிந்து முதல் வேலையாகப் பூங்கொடியே கிளம்பி வந்தாள். கட்டிலருகே நின்று, “சசி, உன்ற அண்ணன் நம்மள உட்டுட்டுப் போயிட்டாருடி” என்றாள்.

“கேட்க வருத்தமா இருக்குங்க அண்ணி. மனசைத் தளர விடாதீங்க. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க.”

அவ்வளவுதான். சசிரேகாவின் கண்ணில் தண்ணீர் வந்ததா என்றால் வந்தது. ஆனால் வாதம் வந்த நாளிலிருந்து அந்தக் கண் சதா வழிந்துகொண்டேதான் இருக்கிறது. பூங்கொடி வந்த வேகத்தில் திரும்பிப் போனாள். அதற்கப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கூடப் பிறந்தவன் செத்ததற்கு ஆபீஸில் லீவு லெட்டருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னவளிடம் என்ன பேச்சு? தருண்தான் ஆக்லாந்திலிருந்து விடாமல் போன் செய்து, “அத்தை, ஒரு தடவை போய்ப் பாருங்க, அம்மாவுக்கு உங்களை விட்டா அங்க யாரு இருக்கா?” என்று கெஞ்சினான். வந்துவிட்டாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்றுதான் வந்திருந்தாள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பயணத்தைப் பத்தி அப்பறம் பேசலாம். உன்ற அண்ணன் செத்ததுக்கு உனக்கு அழுகையே வரலையா?”

“நீங்க வந்தது சந்தோஷமுங்க அண்ணி.”

“தாலியறுத்துட்டு வந்து நிக்கறேன், சந்தோஷங்கற?”

“மனசை அமைதியா வெச்சுக்கங்க.”

“கல்லுடி நீ. ஏழு மைல் சைக்கிள்ல வெச்சு மிதிச்சு உன்னையப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் உட்ட மனுசன். உனக்குச் சீக்குன்னதும் ஆஸ்பத்திரி வராண்டாவுல வெறுந்தரையில படுத்துக் கெடந்த மனுசன். அவருக்கு ஒரு சொட்டுத் தண்ணி இல்ல உங்கிட்ட. நன்றி கெட்ட கழுதை!”

சசிரேகாவின் இடது கை பக்கத்து மேஜையைத் துழாவியது. அடுத்த நொடி எவர்சில்வர் டம்ளர் பூங்கொடியின் காதோரமாகப் பறந்து போய்ச் சுவரில் மோதியது.

“தண்ணி கொஞ்சம் சிந்திருச்சுங்க அண்ணி. சிரமத்துக்கு மன்னிச்சுக்கங்க” என்றது குரல்.

பூங்கொடி டம்ளரைப் பார்த்தாள். பிறகு சசிரேகாவின் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நாளும் குரலைக் கேட்டாளே தவிர முகத்தைப் பார்க்கவில்லை. விழாத பாதி முகம் சிவந்து, நெற்றியில் நரம்பு புடைத்து நின்றது. கண்ணில் அப்படி ஒரு முறைப்பு. கல்யாணப் பந்தியில் தனக்குப் பாயசம் வைக்காமல் போன ஆளைப் பார்ப்பாளே, அந்த முறைப்பு. மன்னிப்புக் கேட்கும் மூஞ்சியா இது?

அவளுடைய நல்ல கையைப் பூங்கொடி பிடித்துக்கொண்டாள். “சசி, இப்பப் பேசுனது நீதானா? நீதான்னா கையைச் சும்மா வெச்சுக்க. இல்லைன்னா கிள்ளு.”

“நான்தானுங்க அண்ணி” என்றது குரல். கிள்ளிய கிள்ளில் பூங்கொடியின் தோல் கழன்று வந்துவிட்டது.

மேனேஜரைப் பார்க்கப் போன பூங்கொடியை ஆபீஸ் அறைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்கள். மீட்டிங் முடிந்ததும் சாப்பிடப் போயிருப்பதாகச் சொன்னார்கள். சுவரில் இருந்த திரையில் ஒரு கிழவர் பேத்தியோடு பலூன் ஊதிக்கொண்டே இருந்தார். பூங்கொடி காப்பி வேண்டாம் என்றாள், தண்ணீர் வேண்டாம் என்றாள், குறைதீர்க்கும் நம்பரை நீட்டிய பெண்ணிடம் அந்த நம்பரை நீயே வைத்துக்கொள் என்றாள். கடைசியில் எழுந்து கதவைத் தள்ளிக்கொண்டு தானே உள்ளே போனாள்.

மேனேஜர் ஜனனி சின்னப் பெண்தான். பொறுமையாகக் கேட்டாள். “நீங்க சொல்றது கரெக்ட் மேடம். பட்டையில கனிவுன்னு ஒரு வசதி இருக்கு. அதைப் போட்டிருக்கோம்.”

“அப்படின்னா?”

“அவங்க கோபமா எதாச்சும் பேசினா, அதைத் தன்மையா மாத்திச் சொல்லும். தப்பா நினைச்சுக்காதீங்க. பட்டை வர்றதுக்கு முன்னாடி இவங்க யாராலயுமே பேச முடியாது, பிரச்சனையும் இல்ல. பேச ஆரம்பிச்சாங்க பாருங்க, எங்க பொண்ணுங்க ஒருத்தியும் வேலையில நிக்கல. துணி மாத்துற பொண்ணைப் பார்த்துப் பெத்தவங்க வரைக்கும் இழுத்துப் பேசினா அவ எத்தனை நாள் கேட்பா? உங்க நாத்தனாரால மட்டும் ரெண்டு பேர் அழுதுட்டே போயிட்டாங்க.”

அதைக் கேட்டுப் பூங்கொடிக்கு ஒரு நொடி பெருமையாகக் கூட இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. “அவளுக்கு வலிச்சா? அதையும் நல்லாருக்குதுன்னு சொல்லுமா?”

“இல்லவே இல்ல. வலி, பசி, மூச்சுத் திணறல் எல்லாம் நேரா எங்க ஸ்கிரீனுக்கு வந்துரும். உணர்ச்சியை மட்டும்தான் கொஞ்சம் சமன் பண்ணும்.”

“நான் வந்து அவ அண்ணன் செத்த சேதியைச் சொன்னேன் கண்ணு. கூடப் பொறந்த ஒத்தை அண்ணன். அதுக்கு அவ என்ன சொல்லிக் கத்துனாளோ, இது என்னைய வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுச்சு. அதுதான் சமனா?”

ஜனனியின் வாயிலிருந்து மேடம் போய்விட்டது. “அது எனக்குத் தெரியாதுங்க” என்றாள்.

“இதைப் போடறதுக்கு அவளைக் கேட்டீங்களா?”

“கேட்டோமுங்க. ‘உங்க இஷ்டமுங்க’ன்னு சொன்னாங்க.”

“போடறதுக்கு முந்தி கேட்டீங்களா, போட்டதுக்கு அப்பறமா?”

ஜனனி பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மறுபடி மூடினாள்.

“எடுத்து உடு அதை.”

“தருண் சார் சம்மதிக்கணுங்க. இன்னொண்ணும் சொல்லிடறேன். யார்கிட்டப் பேசறாங்கன்னு ஆள் பார்த்து மாத்துற மாதிரி இதுல வழியில்ல. இருந்தா எல்லாருக்கும் இருக்கும், எடுத்தா எல்லாருக்கும் எடுத்ததுதான்.”

ஜனனி டேப்லெட்டில் தருணைக் கூப்பிட்டாள். அவன் அங்கே சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். பூங்கொடி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவன் முகம் கறுத்தது.

“தெரியும் அத்தை. நான்தான் போடச் சொன்னேன்.”

“தெரிஞ்சுமாடா பேசாம இருந்த?”

“தொனியை மட்டும்தான் மாத்தும்னு சொன்னாங்க. உள்ள இருக்கறது அம்மா சொல்றதுதான்னு நெனச்சேன்.” கத்தியைக் கீழே வைத்தான். “அத்தை, உங்களுக்கு அம்மா திட்டுறது விளையாட்டு. எனக்கு அப்படியில்ல. எந்த மார்க் வாங்கினாலும் திட்டு, எந்த வேலைக்குப் போனாலும் திட்டு. இந்த ரெண்டு வருஷமாத்தான் அம்மா போன் வந்தா பயமில்லாம எடுக்கறேன். கண்ணுங்கறாங்க, சாப்பிட்டயாங்கறாங்க. அதையும் புடுங்கிக்கச் சொல்றீங்களா?”

பூங்கொடிக்கு அவனை ஒரு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. எல்லாரும் நல்லவர்களாக இருக்கும் இடத்தில் யாரோடு சண்டை போடுவது? “அவ உள்ள கெடந்து கத்தறாடா சாமி. யாருக்கும் கேக்கறதில்ல. அண்ணன் செத்ததுக்கு அழுகறதுக்குக் கூட அவளுக்கு வாயில்ல. நீ லைன்லயே இரு. கொஞ்ச நேரம் எடுத்துப் பார்க்கலாம்.”

அவன் கையைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

மூவரும் அறைக்குள் வந்தார்கள், தருண் டேப்லெட்டுக்குள்ளே. ஜனனி தன் போனில் எதையோ தட்டினாள். சசிரேகா கழுத்துப் பட்டையில், பேச வரும்போது எரியும் பச்சை விளக்கு மின்னியது.

“எருமை! எருமை மாடே!” குரல் அறையைப் பிளந்தது. “கத்திட்டே இருக்கறேன், கத்திட்டே இருக்கறேன், எந்திரிச்சுப் போறா பாரு மகராசி! அண்ணன் போயிட்டான்னு ஒத்தை வார்த்தையை வீசிட்டு, எப்படிப் போனான், கடைசியா என்ன தின்னான், என்னையக் கேட்டானா, ஒண்ணுஞ் சொல்லாம சேலையை உதறிட்டுப் போறா! இத்தனை நாளா எங்கடி போய்த் தொலைஞ்ச? உனக்கெல்லாம் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குதா?”

பூங்கொடி அப்படியே கட்டிலில் சரிந்து உட்கார்ந்தாள். “உக்காந்த மேனிக்கே போயிட்டாருடி. டீ கேட்டாரு. போட்டுட்டு வர்றதுக்குள்ள தலை சாஞ்சிருச்சு.”

“என்னையக் கேட்டானா?”

“ஞாயித்துக்கெழமை தங்கச்சியைப் போய்ப் பாத்துட்டு வரலாம்னு முந்தின நாளுதான் சொல்லிட்டிருந்தாரு.”

சசிரேகா கண்ணை மூடிக்கொண்டாள். அப்போதுதான் டேப்லெட்டிலிருந்து “அம்மா” என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. அவ்வளவுதான், திரும்பினாள்.

“வந்துட்டயா? வா! பெத்தவளைக் கொண்டாந்து இந்தக் கண்ணாடிப் பொட்டிக்குள்ள போட்டுட்டு, வாயையும் தெச்சுட்டு, அங்க உக்காந்துட்டு வெங்காயம் அரியறயா? மாமன் செத்ததுக்குக் கூட வராதவன் நீயெல்லாம் ஒரு மனுசனாடா? போன் பண்றானாம் போனு. யாரு கேட்டா உன்ற போனை?”

ஆக்லாந்தில் நாற்பது வயசு ஆம்பளை, ரேங்க் கார்டை நீட்டும் பையனைப் போலக் குறுகிப் போனான். அவள் மூச்சு வாங்கும் வரை காத்திருந்து மெதுவாகக் கேட்டான்.

“அம்மா, போன மாசம் எம் பிறந்த நாளைக்குப் பேசினோமில்ல. ‘நீ எனக்குப் பையனாப் பொறந்தது என்ற பாக்கியம்’னு சொன்னீங்க. அன்னைக்கு ராத்திரி பூரா அதையேதான் நெனச்சுட்டிருந்தேன். அது நீங்க சொன்னதா, இல்ல, அதுவும் மெஷின்தானா?”

பச்சை விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்து, மறுபடி அணைந்தது. என்னவோ சொல்ல வந்து, தொண்டையிலேயே விழுங்குகிறாள் என்று பூங்கொடிக்குப் புரிந்தது. பிறந்ததிலிருந்து எதையும் விழுங்கத் தெரியாதவள்.

“நான்தான்டா சொன்னேன்” என்றாள் சசிரேகா. “வேற யாரு சொல்லுவா? மெஷினுக்கு உன்னையத் தெரியுமா?”

தருண் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “அப்ப சரிம்மா. திட்டிக்கங்க, எவ்வளவு வேணும்னாலும் திட்டிக்கங்க. கனிவு வேண்டாம். எடுத்துரச் சொல்லிடறேன்” என்று சொல்லி வைத்துவிட்டான்.

ஜெயித்தாயிற்று. பூங்கொடி ஜனனியைப் பார்த்து, பார்த்தாயா என்பது போலத் தலையை ஆட்டினாள். பிறகு சசிரேகாவிடம் குனிந்து கேட்டாள். “நெசமா அன்னைக்கு என்னடி சொன்ன அவன்கிட்ட?”

“பெத்த நாளு முதலா ஒரு பிரயோசனமும் இல்லாதவன், பொறந்த நாள் ஒரு கேடான்னேன்.” அவளுடைய நல்ல கை பூங்கொடியின் சேலையைப் பிடித்து இழுத்தது. “பூங்கொடி, அந்தப் புள்ளைகிட்டச் சொல்லு. பழையபடி கனிவைப் போட்டுரட்டும்.”

“என்னது?”

“காது கேக்கலையா உனக்கு? போட்டுரச் சொல்லு. அவன்கிட்டப் பட்டையில என்னமோ கோளாறு, எடுக்க முடியலைன்னு சொல்லிரு.”

“பைத்தியமாடி உனக்கு? காலையில இருந்து லோல்பட்டு இதை எடுக்க வெச்சிருக்கறேன்!”

“நீ எடுக்க வெச்சே, நல்லாத்தான் இருக்குது. ஆனா அவன் மூஞ்சியைப் பாத்தயில்ல? எனக்கு வாயைத் திறந்தா திட்டுத்தான் வருது. அவன் ஒரு முழம் இருக்கறப்ப இருந்தே அப்படித்தான். நல்ல வார்த்தை சொல்லணும்னு நெனப்பேன், வர்றப்ப வேறயா வந்துரும். இப்ப ஒரு பொய்யைச் சொல்லிட்டேன், இனி தினமும் என்னால முடியாது. இந்தப் பட்டைக்காரி என்ற பங்குக்கும் சேத்திச் சொல்லட்டும்.”

“அப்ப நீ? உனக்குக் கோவம் வந்தா? அழுகை வந்தா? சாகற வரைக்கும் அண்ணி, சௌகரியமான்னு கேட்டுட்டே கெடப்பயா?” இவளோடு மல்லுக்கட்ட முடியாது, என்றைக்கும் முடிந்ததில்லை. “எனக்கும் சேத்தித்தானடி அது மாத்தும். ஆள் பாத்து எடுக்க முடியாதுங்கறாங்க.”

“நீ வர்றப்ப பட்டையவே கழட்டிப்புடு.”

“கழட்டுனா உனக்குப் பேச்சே வராதே.”

“வராட்டிப் போகுது. நான் திட்டறது உனக்குப் புரியாதா என்ன?”

ஜனனி பூங்கொடியைப் பார்த்தாள். பூங்கொடி சுவரைப் பார்த்துக்கொண்டு, போட்டுக்கொள் என்று கையைக் காட்டினாள். பச்சை விளக்கு மின்னியது. “ரொம்ப நன்றிங்க மேடம்” என்றது குரல், பாலில் தேன் கலந்தது போல. ஜனனி தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனாள்.

பூங்கொடி பட்டையின் கொக்கியைத் தேடிக் கண்டுபிடித்தாள். கழற்றி மேஜையில் வைத்தாள். பட்டை இருந்த இடத்தில் கழுத்து வெளுத்துக் கிடந்தது. சசிரேகா வாயைத் திறந்தாள். வார்த்தையாக ஒன்றும் வரவில்லை. அடிவயிற்றிலிருந்து ஒரு ஓலம் கிளம்பி, கோணின வாய் வழியாகத் தாறுமாறாக வந்தது. அதில் அண்ணன் இருந்தானா, மகன் இருந்தானா, எருமை மாடு இருந்ததா, யாருக்குத் தெரியும். பூங்கொடி கட்டிலில் ஏறி உட்கார்ந்து அவளை வாரி அணைத்துக்கொண்டாள். இத்தனை நாளும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது உடைந்துகொண்டு வந்தது. சசிரேகாவின் நல்ல கை அவள் முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தது.

சத்தம் கேட்டு ஒரு அட்டெண்டர் பெண் ஓடிவந்தாள். மேஜையில் பட்டை கிடப்பதைப் பார்த்துப் பதறிப் போனாள். “அம்மா, என்னாச்சுங்க? அவங்களுக்கு என்ன வேணுமாம்?”

“ஒண்ணும் வேண்டாம் கண்ணு” என்றாள் பூங்கொடி. “அவ அண்ணன் செத்துட்டாரு. அழுதுட்டிருக்கறோம். கதவைச் சாத்திட்டுப் போ.”